தலை எந்தப் பக்கம்?

ஊட்டிக்கு வருகிறவர்கள் ஏரிப் பக்கம் குதிரை ஏறி ஒரு சுற்று வந்து, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சீசன் முடிந்தால் அந்தக் குதிரைகளில் பல ரோட்டில்தான் நிற்கும். குப்பைத் தொட்டியில் வாயை வைக்கும், பனிமூட்டத்தில் வண்டியில் அடிபடும், கம்பி வேலியில் காலைக் கிழித்துக்கொள்ளும். போன மாதம், அடிபட்ட விலங்குகளை மீட்கும் எங்களுக்குப் போன் வந்ததும் அப்படி ஒன்றுக்காகத்தான். பழுப்பு நிற மட்டக்குதிரை, நெற்றியில் வெள்ளை, இடது முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே பெரிய வீக்கம், காலைத் தரையில் ஊன்றவே இல்லை. டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு எலும்பு விலகவில்லை, ஆனால் விரிசல் இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்காமல் சொல்ல முடியாது என்றார். எக்ஸ்ரேவுக்கும் மாதக்கணக்கில் வைத்துப் பார்ப்பதற்கும் கோவைப் பக்கம் ஒரு காப்பகத்தில் இடம் கிடைத்தது. மிச்சம் இருந்தது மலை இறங்குவது மட்டும்.

அந்த "மட்டும்" எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பெண் குதிரை, அதற்கும் முன்னங்கால்தான். கிடைத்த 'குட்டி யானை' மினி லாரியில், தலை டிரைவர் கேபின் பக்கம் இருக்கும்படி ஏற்றி, சீக்கிரம் போய்விட்டால் போதும் என்று குன்னூர் வழியாக இறங்கினோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் போட்டபோது முன்பக்கமாக மண்டியிட்டு விழுந்தது. எழுந்திருக்க இடம் இல்லை, எழுப்ப எங்களுக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து இறந்துபோனது. வண்டி ஓட்டியவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவசரப்படுத்தியது நான்தான்.

அப்போது எனக்குத் தெரியாத விஷயம் சாதாரணமானது. சும்மா நிற்கும் குதிரையே தன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. இறக்கத்திலும் பிரேக்கிலும் வண்டிக்குள் இருக்கும் எல்லாமே கேபின் பக்கம் தள்ளப்படும். குதிரையின் தலையும் அந்தப் பக்கம் இருந்தால் அந்தத் தள்ளு முழுக்க முன்னங்காலில் போய் இறங்கும். அதனால் முன்னங்காலில் அடி என்றால் தலை வண்டியின் பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும், பிரேக் போடும்போது பின்னங்கால்கள் தாங்கிக்கொள்ளும். பின்னங்காலில் அடி என்றால் தலை கேபின் பக்கம். நம் நாட்டில் 1978-ல் வந்த விலங்குப் போக்குவரத்து விதிகளில் குதிரையின் தலை இடப்பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று இருக்கிறது, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்து மிரளாமல் இருப்பதற்காக. அது நாலு காலும் நன்றாக இருக்கிற குதிரைக்குச் சரி. எங்களுக்கு டாக்டர் பின்பக்கம் என்றார், பின்பக்கமே வைத்தோம்.

வண்டியைப் பிடித்ததுதான் இந்தத் தடவை எங்கள் அதிர்ஷ்டம். மேட்டுப்பாளையம் மண்டிக்கு காரட் லோடு அடிக்கிற ஐச்சர் லாரி அது. டிரைவர் அண்ணனுக்கு அந்த மலைப்பாதையில் இருபது வருடப் பழக்கம். ஆனால் குதிரையை எப்படி ஏற்றுவது? சாய்வுப் பலகை கொண்டுவரலாம், மூன்று காலில் நிற்கும் குதிரை அதில் ஏறாது. அண்ணன்தான் கேட்டார், "காரட் கழுவுற இடத்துல மேடை இருக்குல்ல, லாரி மட்டத்துக்குத்தானே கட்டியிருக்காங்க, அங்க கொண்டாங்க." இத்தனை நாள் எங்களுக்கு ஏன் இது தோன்றவில்லை என்று வெட்கமாகத்தான் இருந்தது.

டாக்டர் காலைக் குளம்பிலிருந்து மேலே, முழங்காலையும் தாண்டி முழங்கை மூட்டு வரைக்கும் பஞ்சு வைத்து அடுக்கடுக்காகச் சுற்றினார். கடைசியில் அது கால் மாதிரியே இல்லை, தலையணை மாதிரி இருந்தது. அதன்மேல் நீளவாக்கில் பிளந்த பிவிசி பைப் இரண்டு. அடிபட்ட இடத்துக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் சேர்ந்து அசையாமல் இருக்க வேண்டும், பாதி காலுக்கு மட்டும் கட்டினால் கட்டாததைவிட மோசம் என்றார். குதிரைக்கு ரணஜன்னி சீக்கிரம் பிடிக்கும் என்பதால் டெட்டனஸ் ஊசி. வலிக்கு ஊசி போட்டார், ஆனால் அளவாக. வலி சுத்தமாக மரத்துப்போனால் அது காலை ஊன்றிவிடும். மயக்க ஊசியும் போட்டுவிடுங்களேன் என்று நான் கேட்டதற்கு ஒரு பார்வை பார்த்தார். "தள்ளாடுற குதிரைய வச்சுக்கிட்டு மலை இறங்கப் போறீங்களா?"

லாரித் தரையில் ஆற்று மணல், மேலே கோணிச் சாக்கு, அதற்கும் மேலே வைக்கோல். இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுற்றினோம். ரொம்ப நெருக்கிக் கட்டக் கூடாது, கால்களை அகட்டி வைத்துத்தான் அது சமாளிக்கும். மார்புக்கு ஒரு கட்டை, பின்னால் சாய்ந்துகொள்ள ஒரு கட்டை. தலைக்கயிறு தளர்வாக. தலையைத் தாழ்த்தித் தும்மி, சளியை வெளியே தள்ள முடியாமல் மேலே தூக்கிக் கட்டினால் நுரையீரலில் நோய் வந்துவிடுமாம். ஒரு குதிரைக்காரப் பெரியவர் கூடவே வந்தார், அவர் குதிரையின் காதருகில் என்னவோ பேசிக்கொண்டே இருந்தார், அது மேடையிலிருந்து உள்ளே வந்துவிட்டது. உள்ளே திருப்பி நிறுத்தத்தான் முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு எட்டு, நிறுத்தம், இன்னொரு எட்டு. யாரும் அதட்டவில்லை, நான் உட்பட.

காலை நாலு மணிக்குக் கிளம்பினோம், வெயில் ஏறுவதற்குள் கீழே போய்விட வேண்டும் என்று. கோத்தகிரி வழி. விதிப்படி மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, வளைவுகளில் எங்களுக்கு 15-ஏ அதிகமாக இருந்தது. அண்ணன் பிரேக்கை மிதிக்கவே இல்லை என்று சொல்லலாம், கியரிலேயே பிடித்துப் பிடித்து இறக்கினார். கட்டபெட்டு பக்கம் காட்டெருமைகள் ரோட்டை மறித்து நின்றன, இன்ஜினை அணைத்துவிட்டு இருபது நிமிடம் காத்திருந்தோம். பின்னால் வந்த கார்க்காரர் ஹாரன் அடித்ததும் குதிரை காதை மடக்கியது. பெரியவர் இறங்கிப் போய் அவரிடம் என்ன சொன்னாரோ, அப்புறம் சத்தமே இல்லை. குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் சிகிச்சைக்காகக் கொண்டுபோகிறோம் என்கிற டாக்டர் சான்றிதழைக் காட்டினோம், அங்கேயே தண்ணீர் வைத்தோம். அரை வாளி குடித்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

காப்பகத்தில் ஒரு மண்மேட்டை ஒட்டி லாரியை நிறுத்தி, கதவைத் திறந்த பிறகும் பத்து நிமிடம் அப்படியே விட்டோம். தலை பின்பக்கம் இருந்ததால் நேராக நடந்து வெளியே வந்தது. எக்ஸ்ரேயில் விரிசல்தான், விலகவில்லை.

மூன்றாம் நாள் டிரைவர் அண்ணனிடமிருந்து போன். பாக்கி டீசல் காசுக்கு என்று நினைத்து எடுத்தேன்.

"கால ஊனுதா?"

"லேசா ஊனுதுண்ணா."

"சரி சரி, லோடு ஏத்திட்டிருக்கேன், வைக்கிறேன்."