கொல்லையில் ஒரு மர மேடை

26 ஜனவரி 2025, ஞாயிறு

ஃபெஞ்சல் புயலின் மழைத் தண்ணீர் கொல்லையில் நாலு நாள் நின்றது. அது வடிந்த பிறகும் சேறு காய மார்கழி பாதி ஆகிவிட்டது. சாயங்காலம் அங்கே நாற்காலி போட்டு உட்காருவதை அம்மா அதோடு விட்டுவிட்டாள். சிமென்ட் தளம் போட்டுவிடலாம் என்கிறார் கொத்தனார். போட்டால் அடுத்த மழைக்குத் தண்ணீர் வீட்டுப் பக்கம் திரும்பும். மரத்தில் மேடை கட்டினால் மழை இடுக்கு வழியே இறங்கி மண்ணுக்கே போய்விடும். நானே கட்டுவதாக முடிவு. இதுவரை நான் ஆணி அடித்தது காலண்டர் மாட்டத்தான்.

இடம், 2011 டிசம்பர் 30 தானே புயலில் சாய்ந்த பலா நின்ற மூலை. அளவு 10 அடிக்கு 8.

2 பிப்ரவரி, ஞாயிறு

நாலு முளை, நூல் கயிறு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எதிர்வீட்டு ஆசாரி எட்டிப் பார்த்து, "தம்பி, கோணல் அளந்தீங்களா?" என்றார். மூலைக்கு மூலை பிடித்தால் ஒரு பக்கம் 12 அடி 7 அங்குலம், மறுபக்கம் சரியாக 13 அடி. மூலைமட்டம் சரியாக இருந்தால் இரண்டும் 12 அடி 9 முக்கால் அங்குலத்துக்குப் பக்கத்தில் வரவேண்டும். முளையைப் பிடுங்கி நட்டே அரை நாள் போயிற்று.

9 பிப்ரவரி, ஞாயிறு

ஒன்பது குழி, ஒன்றரை அடி ஆழம். ஏழாவது குழியில் கடப்பாரை பொதுக்கென்று இறங்கியது. பலாவின் வேர். பதின்மூன்று வருடத்தில் கரையான் உள்ளே மொத்தமும் தின்றுவிட்டு தோலை மட்டும் வைத்திருந்தது. கையில் எடுத்தால் ரஸ்க் போல உதிர்கிறது. அதைப் பார்த்ததும், மரக்கால் நடும் யோசனையைக் கைவிட்டேன். கருங்கல் வேலிக்கால்களை வெட்டி வாங்கி நடப்போகிறேன். கல்லில் கரையான் ஏறாமல் இருக்காது. ஆனால் ஏறினால் மண் புற்று வெளியே கோடாகத் தெரியும், சுரண்டிவிடலாம்.

15 பிப்ரவரி, சனி

மட்டம் பார்க்கும் டியூப் லெவல் என்பது வெறும் தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் ஒல்லிக் குழாய். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், பிசகவே பிசகாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குப் பிசகியது. ஐந்தாவது கல் ஒன்றேகால் அங்குலம் தாழ்ந்து காட்டியது. காங்கிரீட் இறுகுவதற்குள் தூக்கி நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தால், இப்போது அதே அளவு உயரம்! குழாயை வெயிலுக்கு நேரே பிடித்தபோதுதான் நடுவில் சுண்டைக்காய் அளவுக்குக் காற்றுக் குமிழி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. விரலால் சுண்டிச் சுண்டி மேலே ஏற்றி வெளியே விட்டேன். கல்லை மறுபடி இறக்கினேன். அதிர்ஷ்டம், கலவை இன்னும் இளக்கமாக இருந்தது.

23 பிப்ரவரி, ஞாயிறு

இடித்த வீட்டு மரம் விற்கும் கடையில் உத்தரத்துக்கும் பலகைக்கும் வேங்கை, குறுக்குச் சட்டத்துக்குப் பழைய பனங்கைகள். வைரம் பாய்ந்த பனை. இழைத்தால் இழைப்புளிதான் மழுங்குகிறது. 15 அங்குலத்துக்கு ஒன்றாக ஒன்பது.

அடிப்பாகத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாம் என்று பண்ருட்டிப் பக்கத்து மாமா ஒரு கேன் கொடுத்தார். மரப்படகுக் காலத்தில் மீனவர்கள் பூசியது, பூச்சி கிட்ட வராது. கறுத்த பாகு மாதிரி இருக்கிறது. மெல்லிசான பாலித்தீன் கையுறை போட்டுக்கொண்டு பூசினேன்.

25 பிப்ரவரி, செவ்வாய்

கையுறை மணிக்கட்டோடு முடிந்துவிடுகிறது. எண்ணெய் அங்கே முடியவில்லை. மணிக்கட்டுக்கு மேல் கொப்புளம், தீப்பட்டது போல எரிச்சல். மாமாவுக்குப் போன் செய்தேன். "அட, கொட்டை உடைக்கிற பொம்பளைங்களே கையில விளக்கெண்ணெய், சாம்பல் பூசிக்கிட்டுத்தானே உட்காருவாங்க" என்கிறார். கேனைக் கொடுக்கும்போது சொல்லியிருக்கலாம். மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்தார், பத்து நாளைக்கு மரத்தைத் தொடக்கூடாதாம்.

9 மார்ச், ஞாயிறு

கறுப்பு ஸ்க்ரூ வேங்கையில் பாதி இறங்கியதும் தலை முறிந்தது. அடுத்து துத்தநாக முலாம் போட்டது. நன்றாக இறங்கியது, ஆனால் நம் உப்புக் காற்றுக்கு அது ரெண்டு மழைக்குத் தாங்காது, வாசல் கேட்டின் கொண்டியே சாட்சி. கடைசியில் ஸ்டெயின்லெஸ், 304 ரகம். கடல் பக்கத்துக்கு 316 இன்னும் நல்லது, கடையில் இல்லை. ஸ்டெயின்லெஸ் கொஞ்சம் மென்மை, வேகமாக முடுக்கினால் தலை வழுக்கிவிடும். அதனால் முதலில் 3 மி.மீ. துளை, அப்புறம் ஸ்க்ரூவை ஒருமுறை சோப்பில் குத்தி எடுத்து மெதுவாக முடுக்க வேண்டும். ஒரு பலகைக்குப் பதினெட்டு. இருபத்திரண்டு பலகை. கணக்கு போட்டுப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

12 மார்ச், புதன்

மாசி மகம். சாமிகள் எல்லாம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கிளம்பின, வேலை எங்கே நடக்கும்.

16 மார்ச், ஞாயிறு

பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பெரிய ஆணியை இடைவெளிக்கு வைத்து வைத்து முடித்தாயிற்று. அம்மாவுக்கு அந்த இடைவெளி பிடிக்கவே இல்லை. "நெருக்கி அடிடா, எதுக்குப் பல்லு பல்லா?" மழையில் மரம் ஊதும், தண்ணீர் இறங்க வழி வேண்டும் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. ஆனாலும் ஆறு மணிக்குக் காபியோடு வந்து உட்கார்ந்தாள்.

23 மார்ச், ஞாயிறு

அம்மா மேடையில் உட்கார்ந்து கம்மலைக் கழற்றித் துடைக்கும்போது திருகாணி நழுவி இடுக்கில் விழுந்துவிட்டது. கீழே பரப்பியிருப்பது ஜல்லி. டார்ச் அடித்தால் ஒவ்வொரு ஜல்லியும் தங்கமாக மின்னுகிறது.

ஏழாம் பலகை. பதினெட்டு ஸ்க்ரூவையும் கழற்றினேன், ஒன்றுகூட வழுக்கவில்லை. அதைக் கவனிக்க அங்கே யாரும் இல்லை. குப்புறப் படுத்து அரைமணி நேரம் துழாவியதில் என்னுடைய ஸ்க்ரூ மூன்று, பென்சில் ஒன்று, கடைசியில் திருகாணி.

அம்மா அதை முந்தானையில் துடைத்துக் காதில் முடுக்கிக்கொண்டே, "இதுக்குத்தான் நெருக்கி அடின்னேன்" என்றாள்.