லெட்டூஸ் விதையும் செப்புக் கம்பிச் சுருளும்

ஒளியும் காந்தப் புலமும் செடியை என்ன செய்கின்றன என்று வீட்டிலேயே செய்து பார்ப்பதில் ஒளிப் பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. காந்தப் பகுதிதான் இழுத்துக்கொண்டே போகிறது.

முதலில் கடுகு. இருட்டில் முளைத்த கடுகு வெளுத்து, நெடுநெடுவென்று வளர்ந்து, நுனி கொக்கியாக வளைந்து நிற்கும். இரண்டு அட்டைப் பெட்டிகளில் பக்கவாட்டில் துளை போட்டு, ஒன்றில் நீல எல்இடி, மற்றதில் சிவப்பு எல்இடி பொருத்தினேன். காலையில் திறந்தபோது நீலப் பெட்டியில் தண்டுகள் எல்லாம் துளைப் பக்கம் சாய்ந்திருந்தன. சிவப்பில் கொக்கி நிமிர்ந்து வித்திலைகள் விரிந்திருந்தன, ஆனால் ஒன்றுகூடச் சாயவில்லை. சாய வைக்கும் போட்டோட்ரோபின் என்ற புரதம் நீலத்தையும் புற ஊதாவையும்தான் உணரும். சிவப்பு அதற்கு இருட்டு மாதிரி.

அப்புறம் லெட்டூஸ், அதாவது சாலட்டில் போடும் இலைக்கீரை. இதற்கு முளைக்க ஒளி கேட்கும் ரகம் வேண்டும், எல்லா ரகமும் கேட்பதில்லை. இருட்டில் ஊறிய விதைகளுக்குச் சில நிமிடம் 660 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஒளி காட்டி மறுபடி மூடினால், பெரும்பாலானவை முளைக்கின்றன. கூர் முனையில் தோல் பிளந்து வெள்ளை வேர் எட்டிப் பார்ப்பது லென்ஸில் நன்றாகத் தெரியும். சிவப்புக்குப் பிறகு 730 நானோமீட்டர் தொலை சிவப்பை, அதாவது கண்ணுக்கு அரிதாகவே தெரியும் சிவப்பின் ஓரத்து ஒளியைக் காட்டினால் விதைகள் அப்படியே கிடக்கின்றன. மறுபடி சிவப்பு காட்டினால் முளைக்கின்றன. கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதுதான் கணக்கு. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் 1952ல் காட்டியது இதைத்தான். அங்கிருந்துதான் இந்த இரண்டு ஒளியையும் உணரும் பைட்டோகுரோம் என்ற நிறமி பிடிபட்டது. இலைகள் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலை சிவப்பைக் கீழே விட்டுவிடும். அதனால் தலைக்கு மேல் நிழல் இருக்கிறது என்று விதைக்குத் தெரிந்துவிடுகிறது. மண்ணில் கிடக்கும் ஒரு துளி விதைக்கு இது பெரிய புத்திதான்! ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: வெப்பம் 30 டிகிரியை ஒட்டினால் பல ரகங்கள் எந்த ஒளி கொடுத்தாலும் சண்டித்தனம் செய்யும்.

சரி, காந்தம். விதைக்குப் பக்கத்தில் காந்தத்தை வைத்து 'நன்றாக வளர்ந்தது' என்று சொல்லும் காணொளிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. தட்டு இருக்கும் இடம், ஈரம், சூடு எல்லாமே வளர்ச்சியை மாற்றும். அதனால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் செய்தேன்: எதிரெதிரே நிற்கும் ஒரு ஜோடி செப்புக் கம்பிச் சுருள்கள், மின்சாரம் ஓடினால் நடுவில் சீரான காந்தப் புலம் தரும். 10 செ.மீ. ஆரம், பக்கத்துக்கு 50 சுற்று. அரை ஆம்பியர் ஓடினால் நடுவில் சுமார் 225 மைக்ரோடெஸ்லா (காந்தப் புலத்தின் அலகு) கிடைக்கும். பூமியின் புலம் இடத்தைப் பொறுத்து 25 முதல் 65 வரைதான். ஆனால் சுருள் தொட்டால் தெரியும் அளவுக்குச் சூடாகும், அந்தச் சூடே முளைப்பை மாற்றிவிடும். அதற்காக இரண்டு கம்பிகளைச் சேர்த்துச் சுற்றி, அதே மாதிரி இரண்டாவது ஜோடியும் செய்து தள்ளி வைத்திருக்கிறேன். ஒன்றில் இரு கம்பியிலும் மின்சாரம் ஒரே திசையில் ஓடும், புலம் உண்டு. மற்றதில் எதிரெதிராக ஓடும். அங்கே புலம் அடிபட்டுப் போகும், சூடு மட்டும் அப்படியே இருக்கும்.

இருட்டில் முளைத்த கடுகின் வேர் நீளத்தில் இதுவரை சொல்லும்படி எதுவும் இல்லை. புலம் உள்ள தட்டுக்கும் இல்லாத தட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே வகைத் தட்டுகளுக்குள்ளேயே வித்தியாசம் அதிகம்.

ஆனால் இருட்டில் பார்த்தது மட்டும் போதாது. பறவைகள் திசை அறிவதை விளக்க 1978ல் இயற்பியலாளர் கிளாஸ் ஷுல்டனும் சகாக்களும் சொன்ன கருத்தில், இணைந்து உருவாகும் இரண்டு மூலக்கூறுத் துண்டுகளின் வேதிவினையைத்தான் புலம் தொடுகிறது. அது நடக்கும் இடமாகப் பின்னாளில் சந்தேகிக்கப்பட்ட கிரிப்டோகுரோம் என்ற புரதம், நீல ஒளி பட்டால்தான் வேலை செய்யும். அந்தப் புரதம் முதலில் அடையாளம் காணப்பட்டதும் கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியில்தான், 1993ல். ஆகவே இப்போது சுருளுக்கு மேலே மங்கலான நீல எல்இடி ஏறியிருக்கிறது, வேருக்குப் பதில் தண்டின் நீளத்தை அளக்கிறேன். எந்த ஜோடிக்குப் புலம் என்ற சுவிட்சை வீட்டில் இன்னொருவர் போட்டு, காகிதத்தில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார். கடைசித் தட்டை அளந்து முடித்த பிறகே அதைப் பிரிப்பதாக ஏற்பாடு.