உதட்டோரம் அரிக்கும் அந்த முதல் நாள்

எனக்கு எப்போதும் இடது பக்கம், கீழுதட்டின் ஓரத்தில்தான் வரும். முதலில் எறும்பு கடித்தது போல் சுருக்கென்று ஓர் அரிப்பு. கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் கடுகு அளவில் நாலைந்து நீர்க் கொப்புளங்கள் கொத்தாக நிற்கும். அப்புறம் உடைந்து, நீர் வடிந்து, பொருக்கு கட்டும். கொட்டாவி விட்டால்கூடப் பொருக்கு வெடித்து ரத்தம் கசியும். முழுதாக ஆற 10 நாள் ஆகும்.

பள்ளிக்கூட வயதிலிருந்தே இது எனக்கு உண்டு. "காய்ச்ச பொரிஞ்சிருக்கு, இனி விட்டுரும்ட்டி" என்பாள் அம்மா. ஆச்சி உடம்புச் சூடு என்று வெந்தயத்தை ஊறவைத்துக் கொடுப்பாள். ஒருமுறை அக்கி என்று சொல்லி, வேளார் வீட்டுக்குக் கூட்டிப்போய் உதட்டைச் சுற்றிக் காவி எழுதினார்கள். எல்லாமே சில நாளில் ஆறியதால், செய்ததெல்லாம் பலித்தது என்றே நம்பினோம். அது தானாகவே ஆறும் புண் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

வேலைக்குப் போன பிறகு இது அடிக்கடி வரத் தொடங்கியது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்க்கிறேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களின் கண் நேராக என் உதட்டுக்குத்தான் போகும். கைக்குட்டையால் மூடிக்கொண்டே பேசுவேன். ஒருநாள் மருந்துக்கடையில் காட்டினேன். படர்தாமரைக்குக் கொடுக்கும் கூட்டுக் களிம்பு ஒன்றைத் தந்தார்கள். முதல் நாள் எரிச்சல் அடங்கியது. மூன்றாம் நாள் புண் உதட்டைத் தாண்டித் தாடை வரை இறங்கிவிட்டது.

அப்போதுதான் தோல் மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் அந்தக் களிம்பு டியூபைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார். "இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. இந்தப் புண்ணுக்கு இதை மட்டும் போட்டா வைரஸுக்குத்தான் வசதி" என்றார். பிறகு நோயின் பெயரைச் சொன்னார்: ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், முதல் வகை.

ஹெர்பிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஏதோ தப்பு செய்தவர்களுக்கு வரும் நோய் என்றுதான் அதுவரை கேள்விப்பட்டிருந்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். பெரும்பாலானவர்களுக்கு இது குழந்தையாக இருக்கும்போதே ஒட்டிக்கொள்கிறது. பெரியவர்கள் கொடுக்கும் முத்தம் போதும். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய 380 கோடிப் பேருக்கு இந்த வைரஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நிறையப் பேருக்கு அறிகுறியே தெரிவதில்லை, சிலருக்கு மட்டும் என்னைப் போல் திரும்பத் திரும்ப வரும். உள்ளே வந்த வைரஸ் முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அங்கிருந்து அதைத் துரத்த இன்றுவரை மருந்தில்லை. அது எழும்போதெல்லாம் அதே நரம்பு வழியாக இறங்குவதால்தான் எனக்கு எப்போதும் அதே இடம். அக்கியும் இந்தக் குடும்பம்தான், ஆனால் அது சின்னம்மை வைரஸால் வருவது, வேறு. வாய்க்குள் வரும் வெள்ளைப் புண்ணும் வேறு. நான் விழுங்கிய பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளுக்கும் இந்தக் கொப்புளத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அவர் சொன்னதில் என் நிலையை மாற்றியது ஒன்றே ஒன்று. மருந்து வேலை செய்வது அந்த முதல் அரிப்பு நேரத்தில்தான். கொப்புளம் எழுந்து, உடைந்து, பொருக்கு கட்டிய பிறகு என்ன போட்டாலும் பெரிய பலன் இல்லை. நான் இத்தனை வருஷமும் மருந்து தேடி ஓடியதெல்லாம் மூன்றாம் நாளில்.

வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் களிம்பு என்றால் நாளுக்கு 5 முறை, 5 நாள். அதுவும் புண் ஆறும் காலத்தை ஏறக்குறைய ஒரு நாள்தான் குறைக்கும். எனக்கு வாலாசைக்ளோவிர் மாத்திரை எழுதினார்: அரிப்பு தொடங்கியதும் 2 கிராம், 12 மணி நேரம் கழித்து மறுபடி 2 கிராம், அவ்வளவுதான். அது எனக்குச் சொன்ன அளவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் யாரும் அதை அப்படியே எடுக்க வேண்டாம். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

இந்த மருந்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே நெகிழ்ச்சியாக இருந்தது. உடலுக்குள் போனதும் வாலாசைக்ளோவிர் அசைக்ளோவிராக மாறுகிறது. அந்த அசைக்ளோவிரை வைரஸின் சொந்த நொதிதான் தூண்டிவிடுகிறது. அதனால் வைரஸ் இருக்கும் செல்லில்தான் அது முழுவேகத்தில் வேலை செய்யும். இதற்கு வழிகாட்டிய ஆய்வாளர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரை நான் மறக்க மாட்டேன்.

அடுத்தது தடுப்பு. எப்போதெல்லாம் வருகிறது என்று குறித்துவைக்கச் சொன்னார். அடுப்படிக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். ஒரு வருஷத்தில் 5 வட்டம். தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்துபோய் வந்த மூன்றாம் நாள் ஒன்று. மார்ச் கணக்கு முடிப்பில் தூக்கம் கெட்டபோது ஒன்று. அக்னி நட்சத்திரத்தில் கோயில் கொடைக்குப் போய் நாள் முழுதும் வெயிலில் நின்றபின் ஒன்று. காய்ச்சலோடு ஒன்று. பல் வேர் சிகிச்சைக்கு வாயைப் பிளந்து உட்கார்ந்த வாரத்தில் ஒன்று. வருஷத்துக்கு ஆறுக்கு மேல் போனால் தினமும் ஒரு தடுப்பு மாத்திரை யோசிக்கலாம், உனக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

பாளையங்கோட்டையிலிருந்து செய்துங்கநல்லூர், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் வழியாகச் செந்தூர் 50 கிலோமீட்டருக்கு மேல். காலுக்கு எண்ணெய் தடவிக்கொள்வேன், உதட்டை நினைத்ததே இல்லை. இப்போது வெயிலைத் தடுக்கும், எஸ்.பி.எஃப். 30 உள்ள உதட்டுப் பூச்சு என் பையில் எப்போதும் இருக்கிறது, வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுகிறேன். தலைக்குத் துண்டோ தொப்பியோ போட்டுக்கொள்கிறேன். பல் மருத்துவரிடம் போகுமுன் இது எனக்கு உண்டு என்று சொல்லிவிடுகிறேன்.

முதல்முறை மாத்திரையைச் சரியான நேரத்தில் போட்டது ஒரு திங்கட்கிழமை. கோலம் போடும்போது அந்தச் சுருக். 6.40க்கு முதல் வேளை, சாயங்காலம் 6.40க்கு அடுத்தது. லேசாகத் தடித்தது, கொப்புளம் எழவே இல்லை. எல்லா முறையும் அப்படி நடக்காது. அடுத்த தடவை எழத்தான் செய்தது, ஆனால் ஆறே நாளில் ஆறிவிட்டது.

அந்த அடுத்த தடவைதான் என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்குக் கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்த நாள் அது. பிள்ளையின் நாக்கில் தொட்டு வைக்கச் சொல்லித் தங்கையின் மாமியார் சீனித்தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினார். "நீதானம்மா பெரியம்மா, நீ சேனை வைச்சாத்தான் பிள்ளைக்கு ராசி" என்றார். மருத்துவர் எச்சரித்திருந்தது நினைவுக்கு வந்தது. பிறந்த குழந்தைக்கு இந்த வைரஸ் ஒட்டினால் உதட்டோடு நிற்காது, கல்லீரல், மூளை வரை போகலாம், உயிருக்கே ஆபத்து. முத்தம் ஒன்று போதும், புண்ணைத் தொட்ட விரலும் போதும்.

"இல்ல அத்தை, எனக்கு வாய்ல புண்ணிருக்கு, நான் பிள்ளையத் தொடக்கூடாது" என்றேன். அவர் முகம் வாடியது. "உதட்டுல சூட்டுக் கொப்புளம், அதுக்குப் போயா?" என்றாள் என் அம்மா. வாசலில் நின்றபடி இருவருக்கும் விளக்கினேன். குரல் நடுங்கியது. தங்கைதான் என்னைக் காப்பாற்றினாள். "அவ சொல்றது சரிதான், யாரும் சேனை வைக்க வேண்டாம், யாரும் முத்தமும் கொடுக்க வேண்டாம்" என்று படுத்தபடியே சொன்னாள். அத்தை கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டார். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ஆசையாகக் காத்திருந்த பிள்ளை.

பொருக்கு உதிர்ந்து தோல் முழுதாக மூடும்வரை பார்க்கப் போகவில்லை. அந்த நாட்களில் செய்ததெல்லாம் எளியவைதான். கொப்புளத்தைக் கிள்ளவில்லை. களிம்பைத் தேய்க்காமல் பஞ்சால் ஒற்றி வைத்தேன், முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். பொருக்கு வெடிக்காமலிருக்க வாஸ்லின். ஊறுகாயும் புளிப்பும் பக்கத்தில் வரவில்லை. என் டம்ளர், என் துண்டு தனி. கண்ணைத் தொடவே இல்லை. கண்ணில் பட்டால் கருவிழியைக் கெடுக்கும். கண் சிவந்து வலித்தாலோ, 10 நாளாகியும் ஆறாவிட்டாலோ, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கோ கர்ப்பிணிகளுக்கோ வந்தாலோ, வீட்டு வைத்தியத்தோடு காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

பிறகு பிள்ளையைத் தூக்கினேன். என் கையில் வந்ததும் தூங்கிப்போனான்.

இந்த வருஷத் தைப்பூசத்துக்கு அவனுக்குச் செந்தூரில் முடி இறக்கினோம். காலண்டரில் போன வருஷம் முழுக்க இரண்டே சிவப்பு வட்டம். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என் மடியில் உட்கார்ந்திருந்தான். இப்போது புண் ஏதும் இல்லைதான். ஆனாலும் கொப்புளம் இல்லாத நாளிலும் சில சமயம் இது ஒட்டலாம் என்பதால், அவன் முகத்தில் நான் முத்தம் கொடுப்பதில்லை. உள்ளங்காலில்தான் கொடுப்பேன். அதற்கென்றே இப்போது அவனாகக் காலை நீட்டுகிறான்.