"நீர் இங்கேயிருந்தீரானால்"

அடக்கம் முடிந்த மறுநாள் காலை தம்பியின் போனில் அலாரம் அடித்தது. மணி 5.30. எழுந்து ஜெபிப்பதற்காக அவன் வைத்திருந்த அலாரம். போனைத் திறக்கும் பாஸ்வேர்ட் எங்களில் யாருக்கும் தெரியாது. திரையைத் தொட்டு அன்றைக்கு நிறுத்தலாம், அவ்வளவுதான். அடுத்த நாளும் அடித்தது.

மூன்று நாள் ஐசியூவில் இருந்தான். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. பிழைத்துவிடுவான் என்று முழுமனதாக நம்பினேன். அதனால்தானோ என்னவோ, துக்கத்தோடு கோபமும் சேர்ந்து வந்தது. வேதத்தைத் தொடவே பிடிக்கவில்லை. வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். "கர்த்தருடைய சித்தம்மா", "நல்லவங்களைச் சீக்கிரம் எடுத்துக்குவார்." அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்கு என்னமோ 'அழுதது போதும்' என்று சொல்வது போலவே கேட்டது. வேதத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர்கள்கூட முதல் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் காயப்படுத்தினார்கள்.

சபையில் ஒரு அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. வருவார், பக்கத்தில் உட்காருவார், முதுகைத் தடவிக்கொடுப்பார், போய்விடுவார். ஒருநாள் நானே சொன்னேன்: "ஜெபிக்க முடியலம்மா. அவர் மேல கோபமா வருது."

"அதையே அவர்கிட்ட சொல்லு. தாவீது சொல்லலையா?" என்று 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து கையில் கொடுத்தார். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு முறை 'எதுவரைக்கும்'. சின்ன வயதிலிருந்து சபைக்குப் போகிறேன். தேவனிடம் இப்படியும் பேசலாம் என்பது அன்றுதான் உறைத்தது.

மறுநாள் அலாரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பப் படுக்கவில்லை. உட்கார்ந்து "எதுவரைக்கும்?" என்று மட்டும் கேட்டேன். பல வாரம் அதுதான் என் ஜெபம். சில நாள் அதுவும் வராது, பெருமூச்சுதான் வரும். ஆவியானவரே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8-இல் பவுல் எழுதியிருப்பது அந்த நாட்களில் என்னைத் தாங்கியது.

அப்புறம் யோவான் சுவிசேஷம் 11-ஆம் அதிகாரம். லாசரு வியாதியாயிருக்கிறான் என்று கேள்விப்பட்டும் இயேசு இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கிவிடுகிறார். வந்து சேரும்போது அவனைக் கல்லறையில் வைத்து நான்கு நாள் ஆகிவிட்டது. அவன் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியாக வந்து ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." என் மனசில் கிடந்ததும் அதேதான், எழுத்து மாறாமல்.

மார்த்தாளிடம் அவர் "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்கிறார். மரியாளிடம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவள் அழுவதைப் பார்த்துக் கலங்கி, அவனை எங்கே வைத்தீர்கள் என்று கேட்கிறார். பிறகு அவரும் கண்ணீர் விடுகிறார். இன்னும் சற்று நேரத்தில் லாசருவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பப்போகிறவர், அதற்கு முன்னால் நின்று அழுகிறார். அந்தப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். பக்கத்தில் யாரோ சேர்ந்து அழுவது போல இருந்தது.

என் தம்பி எழுந்து வரவில்லை. ஏன் என்று இன்னமும் கேட்கிறேன், பதில் வரவில்லை. ஆனால் மார்த்தாளிடம் சொன்ன வசனத்தை இப்போது வாய்விட்டு வாசிக்க முடிகிறது, அவன் பேரைச் சொல்லி. தினமும் ராத்திரி அவன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் படுக்கிறேன்.