குழுத் தலைவர்களை எங்கே தேடினோம்

2020 மார்ச் மாதக் கடைசியில் ஆலயக் கதவுகள் பூட்டப்பட்டபோதுதான், சபையாரில் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று சொல்லக்கூடியவர்கள் எங்களிடையே எவ்வளவு குறைவு என்பது எங்களுக்குத் தெரியவந்தது. பாளையங்கோட்டைக்கு அருகே உள்ள எங்கள் தென்னிந்தியத் திருச்சபை ஆலயத்தில் அப்போது ஏறத்தாழ 420 குடும்பங்கள் இருந்தன. அவர்கள் எல்லாருக்கும் ஒரு குருவானவர், ஒரு சபை ஊழியர். நாளுக்கு ஒரு வீடு என்று குருவானவர் விடாமல் போனாலும், எல்லா வீடுகளையும் ஒருமுறை பார்த்து முடிக்க ஓராண்டும் இரண்டு மாதமும் ஆகும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதையே நாங்கள் விசாரிப்பு என்று நம்பியிருந்தோம். அது நின்ற சில வாரங்களில், தனியாக வசித்த முதியவர் ஒருவர் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்ததை, அடுத்த தெருவில் இருந்த நான் பால்காரர் சொல்லித்தான் அறிந்தேன். அவர் ஞாயிறுதோறும் எனக்கு முன்வரிசையில் உட்காருகிறவர்.

கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு, பகுதிவாரியாக வீட்டு ஜெபக்குழுக்களைத் தொடங்குவதென்று 2021 இறுதியில் எங்கள் சபை நிர்வாகக் குழுவான சேகரக் கமிட்டி தீர்மானித்தது. பொறுப்பு எனக்கும் இன்னும் இருவருக்கும் தரப்பட்டது. சபைக் குடும்பங்களின் பதிவேட்டையும் தெருக்களின் வரைபடத்தையும் வைத்துக்கொண்டு, முப்பது முப்பது குடும்பமாக 14 பகுதிகள் பிரித்தோம். ஒவ்வொரு பகுதிக்கும் கமிட்டி உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆராதனையில் வாக்கியம் வாசிக்கிறவர், கணீரென்று ஜெபிக்கிறவர் என்று ஒருவரைத் தேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பீடத்தின் முன் நிறுத்தி, ஆளுக்கொரு கையேடு கொடுத்து, ஜெபித்து அனுப்பினோம். அடுத்த ஈஸ்டருக்குள் 14 குழுக்களில் ஒன்பது கூடவே இல்லை. கூடிய ஐந்திலும் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு வழக்கமாக வருகிற அதே அக்காமார்தான் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் நாற்பது நிமிடம் பிரசங்கம் செய்தார். வந்தவர்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது அப்போதும் எங்களுக்குத் தெரியவில்லை.

தவறு அந்தத் தலைவர்களுடையதன்று. குழுக்களை முதலில் வரைந்துவிட்டு, பிறகு அவற்றில் ஆட்களை வைத்து நிரப்பியவர்கள் நாங்கள். பேசத் தெரிந்தவரைத் தலைவராக வைத்தால் அவர் பேசத்தான் செய்வார். முப்பது குடும்பம் என்பது குழுவும் ஆகாது. அது இன்னொரு சிறிய சபை, குருவானவர் இல்லாத சபை.

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில், காலைமுதல் மாலைவரை ஜனங்களின் வழக்கைத் தனியாக உட்கார்ந்து விசாரிக்கும் மோசேயைப் பார்த்து, இப்படியே போனால் நீயும் களைத்துப்போவாய், ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்று அவருடைய மாமனார் எத்திரோ சொல்லும் ஆலோசனை நம் எல்லாருக்கும் தெரியும். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு ஒரு தலைவர் என்ற கணக்கைத்தான் நாங்களும் அதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தோம். திரும்ப வாசித்தபோதுதான், எண்ணிக்கைக்கு முன்னால் அவர் ஆட்களின் குணத்தைச் சொல்வது கண்ணில் பட்டது: தேவபயம், உண்மை, பொருளாசையில் வெறுப்பு. பேச்சுத்திறன் அந்தப் பட்டியலில் இல்லை. திக்குவாயுள்ள மோசேக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை அது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டேன்.

மெதடிஸ்த சபையின் தொடக்க வரலாறும் அந்நாள்களில் எனக்கு மிகவும் உதவியது. 1742 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கூடுமிடம் கட்டிய கடனை அடைப்பது எப்படி என்று அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் சிலரும் ஆலோசித்தபோது, ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஃபாய் என்ற கப்பல் தலைவர் சொன்னார். பலருக்கு அதற்கும் வசதியில்லை என்று இன்னொருவர் சொல்ல, ஏழைகளான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், கொடுக்க இயலாதவர்களுக்காக நானே கொடுத்துவிடுகிறேன் என்று அவர் ஏற்றுக்கொண்டார். மற்றவர்களும் அவ்வாறே செய்தார்கள். காசு வாங்க வாரந்தோறும் வீடு வீடாகப் போனவர்கள், அந்த வீடுகளின் சண்டையையும் குடியையும் நோயையும் கண்டு வந்து சொன்னபோதுதான், தாம் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தது இதுவே என்று வெஸ்லி உணர்ந்தார். ஏறத்தாழ பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகளும், வாரம் ஒருமுறையாவது ஒவ்வொருவரையும் சந்திக்கும் வகுப்புத் தலைவர்களும் அதிலிருந்து தோன்றினார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு என் ஆச்சியின் நினைவு வந்தது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனிப்பானையில் எடுத்து வைப்பது எங்கள் பகுதிச் சபை வீடுகளில் நெடுநாள் வழக்கம். அந்தப் பிடியரிசியைச் சேர்க்க ஆச்சி வாரந்தோறும் ஓலைப்பெட்டியோடு தெருவுக்குள் போவார். பெட்டியில் அரிசி விழும் சத்தத்தை வைத்தே அந்த வீட்டு நிலைமை அவருக்குத் தெரிந்துவிடும். சத்தம் குறைந்த வீட்டுக்குச் சாயங்காலம் அதே பெட்டி நிறைந்து திரும்பிப் போனதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஆச்சிக்கு எழுத்து வாசனை குறைவு. எங்கள் 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் அவருக்கு இடம் கிடைத்திருக்காது.

ஆகவே 2022இல் நாங்கள் வரைபடத்தை மூடிவைத்துவிட்டு, மூவரும் சபை ஊழியரும் சேர்ந்து அறுபது வீடுகளுக்குப் போனோம். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டோம்: உங்கள் வீட்டில் நோயோ துக்கமோ வந்தபோது, சபையிலிருந்து, குருவானவர் வருவதற்கு முன்பே வந்து நின்றவர் யார்? அறுபது வீடுகளின் பதிலில் பதினொரு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. அவர்களில் இருவர் மட்டுமே எங்கள் பழைய பட்டியலில் இருந்தவர்கள். ஏழு பேர் பெண்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர். சபையில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் இரவில் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது.

அதிக வீடுகளில் சொல்லப்பட்ட பெயர் தையல் வேலை செய்யும் ஓர் அக்காவினுடையது. அவர் வீட்டுக்குப் போனபோது தையல் மெஷின் பலகையின் மேல், மாவுக்கட்டிக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவே, பாதி எழுதி முடித்த பள்ளி நோட்டு ஒன்று கிடந்தது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கும் நம் சபையாரின் பெயர், வார்டு, கட்டில் எண், பக்கத்தில் "உப்பு குறைச்சு", "கஞ்சி மட்டும்", "கூட ஆள் இல்லை" என்ற குறிப்புகள். வீடு திரும்பியவர்களின் பெயருக்கு எதிரே ஒரு சிறு சிலுவைக்குறி. இறந்தவர்களின் பெயர் அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது. "அவங்க வீட்டுக்கு இன்னும் போகணும்லா, அதான் அடிக்கல" என்றார். கணவர் காலையில் வேலைக்குப் போனதும் தூக்குவாளியோடு பஸ் ஏறிப் போய்வருவாராம். எத்தனை ஆண்டுகளாக என்று கேட்டேன். அவருக்கே கணக்கு இல்லை.

குழுவை நடத்தச் சொன்னதும் பதறிவிட்டார். "ஐயா, நாலு பேர் முன்னால வாய் தெறந்து ஜெபம் பண்ண எனக்கு வராது. வேதம் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். பெரிய வீட்டம்மா யாரையாவது கேளுங்க" என்றார். எங்களோடு வந்திருந்த குருவானவர் அதற்கு மறுப்பாக எதுவும் சொல்லாமல், அந்த நோட்டில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து அங்கேயே ஜெபித்தார். பிறகு, "அம்மா, நீங்க செய்துகொண்டிருக்கிற வேலைக்கு இனி சபை உங்களுக்கு ஆள் துணை தரும், அவ்வளவுதான் நான் கேட்கிறது" என்றார். இரண்டு வாரம் கழித்துச் சம்மதம் சொன்னார். வேதபாகத்தை வாசித்துக் கேள்விகள் கேட்க அதே தெருவில் இருந்த ஒரு கல்லூரி மாணவி அவரோடு சேர்ந்தாள். அன்றுமுதல் எல்லாக் குழுவுக்கும் இருவர் என்று வைத்தோம்: விசாரிக்கிறவர் ஒருவர், வேதபாடத்தை நடத்துகிறவர் ஒருவர். இரண்டு வரமும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டுமென்று நாங்கள் எதிர்பார்த்ததுதான் முன்பு ஆள் கிடைக்காமல் போனதற்குக் காரணம் என்று இப்போது எண்ணுகிறேன். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் பந்தி விசாரிப்புக்கென்று ஏழு பேர் தனியே தெரிந்துகொள்ளப்பட்டதை ஞாயிறு பள்ளியிலேயே படித்தவர்கள்தானே நாம்.

பயிற்சிக்கென்று வகுப்பு எதுவும் வைக்கவில்லை. குருவானவரே ஆறு சனிக்கிழமை மாலை தம் வீட்டில் ஒரு குழுவை நடத்தினார்; இவர்கள் அதில் அங்கத்தினராக உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். அந்த ஆறு மாலைகளில் அதிக நேரம் பேசப்பட்டது இரகசியம் காப்பதைப் பற்றித்தான். ஒரு வீட்டின் கண்ணீர் ஜெபக்குறிப்பாகச் சொல்லப்பட்டு, மறுநாள் காலை தண்ணீர்க்குழாய் அடியில் செய்தியாகிவிடுவதை நம்மில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அப்படி ஒருமுறை காயப்பட்டவர் பிறகு குழுவில் வாய் திறப்பதில்லை. பல வேளைகளில் ஆலயத்துக்கே வருவதில்லை. ஆகவே ஒருவர் தம்மைப் பற்றி மட்டுமே ஜெபக்குறிப்புச் சொல்லலாம், மற்றவரைப் பற்றிச் சொல்ல அவருடைய அனுமதி வேண்டும், குழுவில் கேட்டது குழுவோடு நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் வாய்விட்டுச் சொல்கிறோம்.

உபசரிப்பும் ஒரு பெரிய காரியமாகிவிட்டது. முதல் வீட்டில் டீயும் பிஸ்கட்டும், அடுத்த வீட்டில் வடை, அதற்கடுத்த வீட்டில் கேக்கும் சமோசாவும் என்று ஏறிக்கொண்டே போனதில், வசதி குறைந்த ஒரு சகோதரி தம் முறை வரும் வாரம் ஊருக்குப் போய்விட்டார். காரணம் புரிய எங்களுக்குச் சில நாள் ஆயிற்று. இப்போது எந்த வீடானாலும் சுக்குக்காப்பி மட்டும். வீட்டுக்காரம்மாவும் அடுப்படியில் நிற்காமல் பாயில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும். யார் வீட்டில் யார் கைநனைப்பார்கள் என்ற பழைய கேள்வி நம் சபைகளை விட்டு முற்றிலும் போய்விட்டதாக நான் நடிக்க விரும்பவில்லை. தாங்களாகவே கூடச் சொன்னால் சொந்தக்காரர்கள் மட்டும் கூடுகிற குழுவாகிவிடுகிறது என்பதால், எந்தக் குழுவும் எல்லா அங்கத்தினர் வீட்டிலும் முறைவைத்துக் கூட வேண்டும் என்பதை நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. இதனால் இரண்டு குடும்பங்கள் விலகிப்போயின. வருத்தமாகத்தான் இருந்தது; ஆனாலும் முறையை மாற்றவில்லை.

தேர்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேராயரின் கீழுள்ள சபைகள் எல்லாம் சேர்ந்த திருமண்டலத்தின் தேர்தல் நெருங்கும் ஆண்டில், பத்து வீடுகள் கூடுகிற எந்த இடமும் ஓட்டுக் கேட்கிறவர்கள் கண்ணில் படும். குழுப் பொறுப்பில் இருக்கும் காலத்தில் எந்தத் தேர்தலிலும் நிற்பதில்லை, யாருக்காகவும் வாக்குக் கேட்பதில்லை என்று பொறுப்பாளர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். இந்த நிபந்தனையைச் சொன்னதும் ஆர்வம் குறைந்தவர்களும் உண்டு. அது எங்களுக்கு நல்லதாகவே முடிந்தது.

நான்கு குழுக்களோடு 2022 ஆகஸ்டில் தொடங்கினோம். இப்போது 13 நடக்கின்றன. நடுவில் மூன்று நின்றுபோயின. தொடங்கும் நாளிலேயே ஒவ்வொரு குழுவிலும் அடுத்த பொறுப்பாளராகக்கூடிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். முதலில் பாட்டு எடுக்கச் சொல்வது, பிறகு வராதவர் வீட்டுக்குப் போய்வரச் சொல்வது, பிறகு ஒரு வாரம் முழுவதையும் நடத்தச் சொல்வது. வழக்கமாக வருகிறவர்கள் பன்னிரண்டைத் தாண்டினால் குழு இரண்டாகிறது. கையேட்டில் எழுதுவதற்கு எளிதாக இருக்கிற இந்த வரி, நடக்கும்போது அழுகையில்தான் முடிகிறது. தையல் அக்காவின் குழு பிரிந்த வியாழக்கிழமை இரவு, கூட்டம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி, "பிள்ளைய கெட்டிக் குடுத்தா வீட்டுக்கு வராமலா போயிருவா" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார். அவர் சொன்னதை வைத்துத்தான், ஐந்து வியாழக்கிழமை வரும் மாதங்களில் கடைசி வியாழனன்று தாய்க்குழுவும் பிரிந்த குழுவும் ஒன்றாகக் கூடுகின்றன.

ஆண்கள் இன்னும் குறைவாகவே வருகிறார்கள். கடை அடைத்து வர ஒன்பதரை மணியாகிவிடுகிறது. அவர்களுக்கென்று ஞாயிறு ஆராதனைக்கு முன், காலை ஆறரை மணிக்கு, அந்த ஆட்டோக்காரச் சகோதரர் ஒரு குழுவைத் தொடங்கப்போகிறார். ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவருக்குத் துணையாக யாரை வைக்கலாம் என்று கேட்டதற்கு, மனைவியை இழந்த பிறகு இரண்டு ஆண்டுகளாக ஆலயத்துக்குள் வராமல், ஞாயிறுதோறும் தம் பேத்தியை ஞாயிறு பள்ளிக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசல் வேப்பமரத்தடியில் நிற்கிற ஒருவர் பெயரைச் சொன்னார். நான் தயங்கினேன். "அவர்கிட்ட நான் போன வாரமே பேசிட்டேன் அண்ணாச்சி, வாரேன்னுட்டார்" என்றார்.