ஆறினால் நல்லவன், சூடானால் கள்ளன்: ஏடிவி காயில் மாற்றிய கதை

இருபது நிமிஷம் ஒழுங்காக ஓடும். பிறகு இரண்டு மிஸ்ஸிங், சைலன்சரில் ஒரு வெடி, வண்டி நின்றுவிடும். அரை மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி முதல் செல்ஃபிலேயே கிளம்பும். ஒற்றை சிலிண்டர், கார்ப்பரேட்டர் வைத்த பழைய ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓடும் நாலு சக்கர வண்டி). மூன்று வார ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிவிட்டது.

முதல் வாரம் முழுப் பழியும் கார்ப்பரேட்டர் மேல். ஜெட்களைக் கழற்றி ஊதினேன், மிதவை மட்டம் பார்த்தேன், ஏர் ஸ்க்ரூவையும் திருகி வைத்தேன். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் கொஞ்ச தூரம் ஓடி நிற்கும் என்பதால், மூடியைத் தளர்த்திவிட்டும் ஓட்டிப் பார்த்தேன். நின்றது.

இரண்டாம் வாரம்தான் புத்தி வந்தது. வண்டி நின்ற இடத்திலேயே, நின்ற உடனே பிளக்கைக் கழற்றினேன். (சூடான அலுமினிய ஹெட்டில் பிளக்கைத் திருகினால் மரை போய்விடக்கூடும்; நான் மெதுவாகத்தான் திருகினேன், ஆனாலும் இதைப் பழக்கமாக்க மாட்டேன்.) பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தது. பெட்ரோல் வருகிறது, பற்றவில்லை. கையோடு கொண்டுபோயிருந்த வேறு பிளக்கைத் துளையில் மாட்டி மூடினேன். மூடாவிட்டால் அங்கிருந்து வரும் பெட்ரோல் ஆவி பொறியில் பற்றிக்கொள்ளும். பிளக் வயரில் இடைவெளி வைத்துப் பார்க்கும் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி, அதன் கிளிப்பை எஞ்சினில் கவ்வவிட்டு செல்ஃப் அடித்தேன். பொறியே இல்லை. அரை மணி கழித்து அதே டெஸ்டரில் 6 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டி நீலமாகச் சடசடவென்று அடித்தது.

வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை எடுத்தேன். பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் எச்.டி. காயிலின் பிரைமரியில் (கரண்ட் உள்ளே வரும் பக்கச் சுற்று) 0.5 ஓம். மீட்டர் வயர்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் வந்த 0.2-ஐக் கழித்தால் 0.3. பிளக் கேப்பைத் திருகிக் கழற்றிவிட்டு, வயர் நுனிக்கும் எர்த்துக்கும் பார்த்தால் 7.8 கிலோ ஓம். கேப்பில் தனியாக 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது, அதைக் கழற்றாமல் அளந்தால் கணக்கு குழம்பும். எல்லாம் மேனுவலில் சொன்ன அளவுக்குள்தான். அப்படியென்றால் காயிலுக்குக் கரண்டை அனுப்பும் சி.டி.ஐ. பெட்டிதான் என்று முடிவுகட்டி ஆர்டர் போடவும் கை போனது.

நல்ல வேளை, ஒரு சந்தேகம் குறுக்கே வந்தது. நான் அளந்ததெல்லாம் ஆறிய காயிலை. அது சாவதோ சூட்டில். காயிலைக் கழற்றி மேசையில் வைத்து, மீட்டர் வயரை மாட்டியபடியே ஹேர் டிரையரால் சூடுகாட்டினேன். 7.8, 8.1, 8.6... எட்டு நிமிஷம் இருக்கும், திடீரென்று அளவே இல்லை, ஓப்பன். டிரையரை நிறுத்தினேன். ஆற ஆற மறுபடி 8 காட்டியது. செகண்டரியில் (பிளக் பக்கச் சுற்று) மயிரிழைக் கம்பி எங்கோ அறுந்து, ஆறினால் ஒட்டிக்கொண்டு சூட்டில் விலகியிருக்கிறது. இன்சுலேஷன் உடைந்து கரண்ட் உள்ளேயே தாவும் காயிலாக இருந்தால் இந்தச் சோதனையிலும் தப்பியிருக்கும். மீட்டரின் சின்ன வோல்டேஜ் அதைக் காட்டிக்கொடுக்காது. சந்தேகம் தீர, பொறி அடிக்க நேரம் சொல்லும் பல்சர் காயிலையும் சூட்டில் அளந்தேன், அதில் கோளாறு இல்லை.

புதுக் காயில் வாங்கும்போது பிரைமரி ஓம் பார்த்து வாங்கினேன். உருவம் ஒன்றாகவே இருந்தாலும், டி.சி.ஐ. (டிரான்சிஸ்டர் இக்னிஷன்) வண்டிகளுக்கான காயிலில் பிரைமரி 2 முதல் 4 ஓம் வரை இருக்கும், சி.டி.ஐ.க்கு அது ஒத்துவராது. மாட்டுவது பத்து நிமிஷ வேலை. போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டும் துருவும் ஏறியிருந்ததால், எர்த் சரியாகக் கிடைக்க உலோகம் தெரியும்வரை தேய்த்துவிட்டு முடுக்கினேன். பழைய பிளக் கேப்பை நம்ப மனம் வரவில்லை, அதையும் புதிதாகவே போட்டேன்.

மூன்றாம் வாரம் ஒன்றரை மணி நேரம் விடாமல் ஓட்டினேன். நிற்கவில்லை. ஐட்லிங் மட்டும் ஒரே துள்ளல். முதல் வாரம் சும்மா இருந்த ஏர் ஸ்க்ரூவை எத்தனை சுற்று திருகினேன் என்று எழுதிவைக்கவில்லை. அடுத்த ஞாயிறு அதற்கு.