தலையில் கை வைத்தால் விட்ட வலி

கோட்டையூரில் வீட்டிலேயே ஆரி வேலை, அதாவது துணியில் கொக்கி ஊசியால் போடும் பூவேலை, செய்கிறேன், பதினோரு வருஷமாக. பெரும்பாலும் கல்யாண பிளவுஸ்தான். போன ஐப்பசியில் ஒரு ஆச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு நான்கு பிளவுஸ் மொத்தமாக வந்தது, நாள் குறைவு, தினமும் எட்டு ஒன்பது மணி நேரம் துணியை இழுத்துக் கட்டும் ஸ்டாண்டின் மேல் குனிந்தே இருந்தேன். மூன்றாவது பிளவுஸில் கை ஏமாற்ற ஆரம்பித்தது. வலதுகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்து, ஊசியில் சுகர் பீட்ஸ் என்ற பொடி மணி ஏறியிருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலை. அதற்கு முன்பெல்லாம் மணி ஏறுவது விரலுக்குத் தானாகவே தெரியும், பார்க்கவே வேண்டாம்.

வலி இருந்தது விரலில் இல்லை. தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம் ஒரு ஆணி அடித்த மாதிரி தொடங்கி, மேல்கை, முழங்கை என்று கட்டைவிரல் வரை இழுக்கும். ராத்திரி படுத்தால் அதிகம். ஒரே ஒரு விதத்தில்தான் குறைந்தது. வலதுகையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஐந்து பத்து நிமிஷம் நிம்மதி. அத்தை பார்க்கும்போதெல்லாம் கையை எடுத்து விடுவார்கள். "தலையில கைய வைக்காதம்மா, வீட்டுக்கு ஆகாது." அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் வளர்ந்தேன், அதனால் யாரும் இல்லாதபோது மட்டும் வைத்துக்கொள்வேன்.

ஒரு தப்பு செய்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு வழிப்பவர் ஒருவரிடம் போனேன். வழித்ததோடு விடாமல், கழுத்தை ஒரு பக்கமாக வெடுக்கென்று திருப்பி நெட்டி எடுத்தார். அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. கழுத்துக்குள் எலும்பை ஒட்டி மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஓடுகின்றன, அப்படித் திருப்பும்போது அவை கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள்கூட உண்டு என்று பிறகு தெரிந்தபோது உடம்பு நடுங்கிவிட்டது. தயவுசெய்து யாரும் கழுத்தை அப்படித் திருப்பக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் காரைக்குடியில் எலும்பு மருத்துவரிடம் போனேன். ஸ்கேனில் கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி, அங்கே வெளியே வரும் நரம்பை அழுத்துவது தெரிந்தது. கட்டைவிரலுக்கு உணர்ச்சி கொடுப்பது அந்த நரம்புதான். சர்க்கரையும் பார்த்தார்கள், மணிக்கட்டில் நரம்பு அழுந்தினாலும் இதே விரல்கள் மரத்துப்போகுமாம், அதற்கும் சோதித்தார்கள். ஆபரேஷன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும் என்றார். மாத்திரை கொடுத்தார், தூக்கமாக வந்தது, ஆனாலும் ராத்திரியைக் கடக்க உதவியது. பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்.

முதலில் போன இடத்தில் பத்து நாளும் மெஷின்தான். சூட்டு ஒத்தடம், கரண்ட் வைப்பது, அவ்வளவுதான், யாரும் கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அங்கே இருக்கும்வரை இதமாக இருக்கும், பஸ் ஏறி வீடு வருவதற்குள் பழையபடி. பிறகு வேறு இடம் மாறினேன். அங்கே பிசியோதெரபி பார்த்தவர் சின்னப் பெண்தான், ஆனால் முதல் நாள் முக்கால் மணி நேரம் சோதிக்க மட்டுமே எடுத்துக்கொண்டார். தலையை லேசாகப் பின்னால் சாய்த்து வலப்பக்கம் திருப்பி உச்சியில் மெதுவாக அழுத்தியதும் கட்டைவிரல் வரை சுரீரென்று ஓடியது. உடனே விட்டுவிட்டு, "அக்கா, கையைத் தூக்கித் தலைமேல வச்சா எப்படி இருக்கு?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கை மேலே போனால் இழுபட்டிருக்கும் நரம்பு தளரும், அதனால்தான் வலி விடுகிறது, கழுத்து நரம்பு அழுந்தியிருப்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம் என்றார். அன்று சாயங்காலமே அத்தையிடம் விளக்கிச் சொன்னேன். அதற்குப் பிறகு என் கையை அவர்கள் எடுத்துவிடவே இல்லை.

முதல் மூன்று வாரம் வாரத்துக்கு மூன்று நாள், பிறகு வாரத்துக்கு ஒன்று, ஒரு முறைக்கு 300 ரூபாய். அந்தச் செலவு கஷ்டமாகத்தான் இருந்தது. அரசு மருத்துவமனையிலும் பிசியோதெரபி பிரிவு உண்டு, எழுந்து போக முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறார்கள், பக்கத்து வீட்டு ஐயாவுக்கு அப்படித்தான் நடக்கிறது.

டிராக்ஷன் என்று, படுக்க வைத்துத் தாடையிலும் பின்மண்டையிலும் பட்டை மாட்டி மெஷின் கழுத்தை இழுத்து இழுத்து விடும், 15 நிமிஷம், முதல் நாள் 5 கிலோ. பயப்படும்படி ஒன்றுமில்லை, எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் முக்கால்வாசி வேலையைச் செய்தது பயிற்சிகள்தான் என்பது என் எண்ணம். தலையைக் குனியாமல் தாடையை மட்டும் நேராகப் பின்னால் இழுப்பது ஒன்று, தாடைக்குக் கீழே மடிப்பு விழும்படி, ஐந்து எண்ணும்வரை. தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் சேர்ப்பது ஒன்று. மூன்றாவதில்தான் நான் சொதப்பினேன். கையைப் பக்கவாட்டில் நீட்டி, மணிக்கட்டைப் பின்னால் மடக்கி, தலையை அந்தக் கையின் பக்கம் சாய்த்து நரம்பை மெதுவாக நகர வைக்க வேண்டும். சீக்கிரம் குணமாகட்டும் என்று நான் வலிக்க வலிக்க இழுத்தேன், இரண்டு நாள் விரல் இன்னும் மரத்தது. "நரம்பு ரப்பர் இல்லக்கா, வலி வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடணும்" என்றார்.

நான்காவது வாரம் முழங்கைக்குக் கீழே வலி போய்விட்டது, ஆனால் கழுத்தில் கூடியது. முற்றிவிட்டதோ என்று பதறிப்போய் போன் செய்தேன். விரலிலிருந்து வலி மேலே ஏறிக் கழுத்துக்கு வருவது நல்லது, கீழே இறங்கினால்தான் உடனே சொல்லணும் என்றார். இதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஒரு ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் அவர் தவறாமல் கேட்டது: நடை தடுமாறுகிறதா, இரண்டு கையிலும் பொருள் நழுவுகிறதா, பொத்தான் போடச் சிரமமா, சிறுநீர் போவதில் மாற்றமா, கையில் பலம் குறைகிறதா. இதில் ஒன்று இருந்தாலும் பயிற்சி செய்துகொண்டு காத்திருக்கக் கூடாது, நேராக மருத்துவரிடம் போகணும்.

ஸ்டாண்டை மாற்றியதும் பெரிய உதவி. அதன் கால்களுக்குக் கீழே இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தி, என் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொண்டேன். இரண்டு தலையணை ஒன்றானது. அரை மணிக்கு ஒருமுறை போனில் மணி அடிக்கும், எழுந்து வீட்டு நடுமுற்றமான வளவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்காருவேன். அந்த நான்காவது பிளவுஸை வேறொரு பெண்தான் முடித்துக் கொடுத்தாள், ஆச்சி கோபித்துக்கொள்ளவில்லை, "மொதல்ல ஒடம்பப் பாரு ஆத்தா" என்றார்கள்.

மாசியில் மறுபடி ஊசி பிடித்தேன். இப்போது ஆள்காட்டி விரல் முழுக்கச் சரி. கட்டைவிரல் நுனியில் காலையில் லேசாக மதமதப்பு இருக்கும், பத்து மணிக்குள் போய்விடும். மணி ஏறுவது விரலுக்குத் தெரிகிறது.